குழாய் எப்போது கத்துகிறது?

எங்கள் அடுக்ககத்தில் மூன்று மாடிகள், நாங்கள் இரண்டாவதில் இருக்கிறோம். போன வருஷம் ராத்திரி இரண்டு, இரண்டரை மணிக்குப் பாத்ரூமிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பும். ஒரு நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், எந்தக் குழாயும் திறந்திருக்காது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாத்ரூம் நிலைப்படியில் இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது.

பிளம்பரைக் கூப்பிட்டோம். இரண்டு குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஏர் புடிச்சிருக்கு சார். லைனையே மாத்திட்டா நல்லது" என்றார். டைல்ஸை உடைத்து லைனை மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். நாங்கள் மாற்றவில்லை. சத்தத்துக்குக் காரணம் ஃப்ளஷ் டேங்குக்குள் இருந்த ஒரு ரப்பர் மூடி. அந்தக் கதை தன் இடத்தில் வரும்.

எந்தக் காய்ச்சலையும் 'வைரல்' என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புவதைப் போல, குழாய் போடும் எந்தச் சத்தத்துக்கும் நம் ஊரில் 'ஏர்' என்பதே பதில். ஏர் பிடிப்பது உண்மைதான், ஆனால் பல காரணங்களில் அது ஒன்று மட்டும். சரியான காரணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், என்ன சத்தம் என்பதைவிட எப்போது சத்தம் என்று கவனிப்பது பலன் தரும். 'டும்' என்பதா, 'டக்' என்பதா என்று வீட்டிலேயே ஒத்துப்போக மாட்டோம். குழாயை மூடும்போதா, தண்ணீர் ஓடும்போதா, யாரும் தொடாதபோதா, தண்ணீர் வடியும்போதா என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.

முதலில் மூடும் நொடி. குழாயை மூடியதும் சுவருக்குள் யாரோ முஷ்டியால் குத்தியது போல ஓர் அடி விழுந்தால் அதற்கும் காற்றுக்கும் தொடர்பில்லை. உள்ளே கொஞ்சம் காற்று இருந்திருந்தால் அது மெத்தை மாதிரி வேலை செய்து அடியைக் குறைத்திருக்கும்.

நடப்பது இதுதான். அரை அங்குலக் குழாயில் 6 மீட்டர் நீளத்துக்கு இருக்கும் தண்ணீர் சுமார் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ எடை. நிமிடத்துக்கு 10 லிட்டர் விழும்படி திறந்து வைத்தால், இந்த ஒரு கிலோ நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில், நாம் சாவகாசமாக நடக்கும் வேகத்தில், குழாய்க்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஹெல்த் ஃபாசெட்டின் விசையிலிருந்து கட்டைவிரலை எடுக்கிறோம். நடந்து வந்தவன் முகத்தில் கதவைச் சாத்தியது போல ஆகிறது. தண்ணீர் சுலபத்தில் அமுங்கிக் கொடுக்காது. வந்த வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, ஓர் அலையாகக் குழாய் வழியே தொட்டி வரை ஓடித் திரும்பி வருகிறது. வழியில் எங்கே குழாய் தளர்ந்திருக்கிறதோ அங்கே சுவரில் மோதுகிறது.

பின்னாளில் ரஷ்ய விமானவியலின் தந்தை என்று பெயர் வாங்கிய நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி, மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி 1898-ல் இதற்குக் கணக்கு சொன்னார். தண்ணீரின் அடர்த்தி, அலை ஓடும் வேகம், தண்ணீர் சட்டென்று இழந்த வேகம், இந்த மூன்றையும் பெருக்கினால் கூடும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் அலை நொடிக்குச் சுமார் 1,300 மீட்டர் ஓடும். நம் ஒரு கிலோ தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் 13 பார் வரை எகிறலாம். மூன்று மாடி உயரத்தில் இருக்கும் தொட்டி தரைத்தளக் குழாயில் கொடுக்கும் அழுத்தமே 1 பார்தான். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் அதில் அடி மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

இந்தக் கணக்கில் 'சட்டென்று' என்ற சொல்தான் முக்கியம். தொட்டிக்கும் பாத்ரூமுக்கும் இடையே 20 மீட்டர் இரும்புக் குழாய் இருந்தால், அலை போய்த் திரும்ப நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அதற்குள் மூடிவிட்டால் அடி முழுதாக விழும். மூடுவதற்கு ஒரு முழு நொடி எடுத்துக்கொண்டால் அலை முப்பது தடவைக்கு மேல் போய் வந்துவிடும், அடி பிசுபிசுத்துவிடும். பாட்டி வீட்டுப் பித்தளைக் குழாயில் இந்தச் சத்தம் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே விடை. அதை நாலு சுற்றுச் சுற்றினால்தான் தண்ணீர் நிற்கும். இன்றைய கால் சுற்றுக் குழாய், ஹெல்த் ஃபாசெட், வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் மின் வால்வு மூன்றுமே கண் சிமிட்டும் நேரத்தில் மூடுபவை. வசதியோடு அடியும் வந்தது.

இதற்கு வைத்தியம், முதலில் காசில்லாதது. ஹெல்த் ஃபாசெட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்தில், சுவரோடு ஒட்டி ஆங்கிள் காக் இருக்கும். அதை முழுக்கத் திறந்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு. தண்ணீர் போதுமான அளவு வரும் வரைக்கும் மட்டும் திறந்து, அங்கேயே விட்டுவிடுங்கள். ஓட்டம் பாதியானால் அடியும் பாதியாகும். பத்தில் ஆறு வீடு என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதோடு பிரச்சினை முடிந்தது. மொட்டைமாடியில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதன் அழுத்த அளவை எவ்வளவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். ஷவர் ஊசி மாதிரி குத்த வேண்டும் என்று கூட்டி வைத்ததுதான் பல வீடுகளில் சுவரைக் குத்துகிறது.

அப்படியும் அடங்காவிட்டால், சத்தம் போடும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு 'டி' போட்டு, ஓர் அடி உயரத்துக்குக் குழாயை நிமிர்த்தி வைத்து, மேலே மூடி போட்டு அடைக்கலாம். உள்ளே சிக்கும் காற்று அடியை வாங்கிக்கொள்ளும். ஒரே குறை, அந்தக் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்துவிடும். அப்போது மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து லைனைக் காலி செய்தால் மறுபடி காற்று நிரம்பும். காற்றும் தண்ணீரும் கலக்காதபடி நடுவில் பிஸ்டன் வைத்த சின்னக் கருவிகளும் விற்கின்றன. வாஷிங் மெஷினுக்கு அதுவே மேல்.

இந்த அடியை வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. வெப்பக்காற்று பலூன் விட்ட மோன்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மிஷேல், 1796-ல் ஒரு பம்ப் செய்தார். ஓடும் தண்ணீரைச் சட்டென்று மறித்து, அந்த அடியைக் கொண்டே ஒரு பங்கு தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்ப். இயந்திரம் எதுவும் வேண்டாம், தண்ணீரே தண்ணீரைத் தூக்கும். நம் பாத்ரூம் சுவருக்குள் வீணாவது அந்தச் சக்திதான்.

அடுத்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் சத்தம். நாதஸ்வரத்தின் சீவாளி எப்படிப் பேசுகிறது? மெல்லிய இரண்டு நாக்குகளுக்கு நடுவே காற்று புகும்போது அவை படபடக்கின்றன. பழைய திருகு குழாய்க்குள் தேய்ந்து தளர்ந்த ரப்பர் வாஷரும் அதே வேலையைத்தான் செய்கிறது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் வீறிட்டு, இன்னும் திறந்தால் அடங்கினால் சந்தேகமே வேண்டாம், வாஷர்தான். அந்த லைனுக்கான வால்வை மூடிவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி வாஷரை மாற்றினால் போதும். சில ரூபாய்ப் பொருள். கால் சுற்றுக் குழாயில் வாஷருக்குப் பதில் உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஒரு குப்பி இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கடைக்குக் கொண்டு போய், அதே அளவில் கேட்டு வாங்க வேண்டும். கையில் எடுக்காமல் போனால் இரண்டு நடை நிச்சயம்.

வாய் நுனியில் சல்லடை வைத்த குழாய் சீறினால், சல்லடையைத் திருகி எடுத்துப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் உப்புப் படிந்து பாதி ஓட்டை அடைந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பெரியம்மா வைத்த எலுமிச்சைக்கு உண்மையான வேலை இங்கேதான் கிடைத்தது.

ஃப்ளஷ் டேங்க் நிரம்பி முடியும் தறுவாயில் வீடே அதிர்கிற மாதிரி 'ர்ர்ர்' என்று முனகும் வீடுகள் உண்டு. மிதவை மேலே வரவர வால்வின் வழி குறுகுகிறது. டேங்குக்குள் எழும் சின்ன அலையில் மிதவை ஆட, வால்வு திறந்து மூடி, திறந்து மூடித் தள்ளாடுகிறது. டேங்குக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். டேங்க் நிரம்ப ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அடங்காவிட்டால் கோலும் பந்துமாக இருக்கும் பழைய வால்வை எடுத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கும் புது வகை வால்வைப் போடலாம்.

ஓட்டத்தைக் குறைக்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய் கேட் வால்வைப் பாதி மூடிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. கேட் வால்வுக்குள் இருக்கும் பலகை முழுக்க ஏறியிருக்க வேண்டும், அல்லது முழுக்க இறங்கியிருக்க வேண்டும். நடுவில் தொங்கினால் ஓட்டத்தில் கடகடவென்று ஆடும், புதுச் சத்தம் ஒன்று வந்து சேரும்.

யாரும் தொடாதபோது வரும் சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு இரண்டரை மணிக் கதை இந்த வகை. ஃப்ளஷ் டேங்கின் அடியில் தண்ணீரை மறித்து உட்கார்ந்திருக்கும் ரப்பர் மூடி, உப்புப் படிந்தோ சுருங்கியோ போனால் சொட்டுச் சொட்டாக விடும். கோப்பையில் நிற்கும் தண்ணீரோடு சேர்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. பகலில் அடிக்கடி ஃப்ளஷ் செய்வதால் டேங்க் அவ்வப்போது நிரம்பிக்கொண்டே இருக்கும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மட்டம் மெல்ல இறங்கி, மிதவை போதுமான அளவு தாழும் வேளையில் வால்வு திறந்துகொள்ளும். அதற்கு எங்கள் வீட்டில் மூன்றரை மணி நேரம் பிடித்தது. பேய்க்கு நேரம் தவறாத குணம் வந்தது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போதும். படுக்கப் போகும்முன் டேங்க் மூடியைத் திறந்து அதைப் போட்டுக் கலக்கிவிடுங்கள், ஃப்ளஷ் செய்ய வேண்டாம். அரை மணி கழித்துக் கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ரப்பர் மூடியை மாற்ற வேண்டும். சத்தம் நிற்பதோடு தண்ணீரும் மிஞ்சும்.

பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் யாரும் குழாயைத் திறக்காமலேயே பம்ப் அவ்வப்போது ஓடி நின்றால், அதுவும் கசிவின் அறிவிப்பு. எல்லா ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டு ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தால், எதைத் திறந்ததும் பம்ப் மறுபடி எழுகிறதோ அங்கே பார்க்க வேண்டும். எல்லாம் மூடிய பிறகும் ஓடினால் கசிவு சுவருக்குள், அல்லது பம்பின் ஒருவழி வால்வில். அது பிளம்பரின் வேலை.

கீசரைப் போட்ட பிறகும் அணைத்த பிறகும் சுவருக்குள் 'டிக்... டிக்...' என்று கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சூட்டில் குழாய் நீள்கிறது, ஆறினால் சுருங்குகிறது. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. குழாய் 3 மீட்டர் நீளம் இருந்து, சூடு 30 டிகிரி கூடினால் 5, 6 மில்லிமீட்டர் நீளும். இதே நீள இரும்புக் குழாய் 1 மில்லிமீட்டர்தான் நீளும். நீள்கிற குழாய் சுவரின் துளையிலோ கிளாம்ப்பிலோ உரசி, பிடிவிட்டு நகரும்போது அந்த 'டிக்' வருகிறது. துளையைச் சுற்றிச் சிமெண்டைத் திணித்து அடைப்பவர்கள் தீமையே செய்கிறார்கள். நகர இடமில்லாத குழாய் இன்னும் பலமாக உரசும், இணைப்பில் விரிசல் விடவும் கூடும். துளையில் குழாயைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து வழுக்கி நகர விடுவதே சரி. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே வெந்நீர்க் குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போடச் சொல்லிவிட வேண்டும். பூசிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

கீசரே உறுமினால் அது வேறு விஷயம். கடினநீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து கம்பியின் மேலும் அடியிலும் படிகிறது. அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து, குமிழியாக உடைந்து வெளியேறும் சத்தம்தான் உறுமல். ஆள் வைத்து உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து ஆவியோ கொதிநீரோ சீறினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சத்தத்தை நிறுத்த அந்த வால்வை யாரும் அடைக்கக் கூடாது. வெடிக்காமல் காக்கும் கடைசி அரண் அது.

தண்ணீர் வடியும்போது வரும் 'களக் களக்' சத்தத்துக்கும் 'ஏர்' என்ற சொல் பொருந்துகிறது, ஆனால் தலைகீழாக. இங்கே பிரச்சினை, காற்று இல்லாதது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி விழும். எதிரே இன்னொரு ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றும். கழிவுநீர்க் குழாயிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய்தான் அந்த இரண்டாவது ஓட்டை. நாற்றம் வருகிறது, கொசு வருகிறது என்று அதற்கு மூடி போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஃப்ளஷ் செய்யும்போது கீழே பாயும் தண்ணீர், காற்றுக்காக அலைந்து, பாத்ரூம் தரைச் சல்லடைக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. விக்கல் சத்தம் அதுதான். அந்தத் தேங்கிய தண்ணீர் வீணானது அல்ல. சாக்கடை வாடையையும் கரப்பானையும் வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் பூட்டு அது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-ல் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியபோது அதில் வைத்த வளைந்த குழாயும் இதே வேலைக்காகத்தான். விக்கல் சத்தத்தோடு சில நாளில் வாடையும் சேர்ந்துகொண்டால், பூட்டு உடைந்துவிட்டது என்று பொருள். மாடிக்குப் போய் மூடியைக் கழற்றி, கொசுவலை கட்டிவிட்டு வாருங்கள். சத்தம் அந்த ஒரு சல்லடையில் மட்டும் என்றால், காற்றுக் குழாயை விட்டுவிட்டு முதலில் சல்லடைக்குள் அடைந்திருக்கும் முடியை எடுங்கள்.

உண்மையிலேயே ஏர் பிடிப்பது, தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு. குழாய் இருமும், துப்பும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். தரைத்தளக் குழாயை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் சீக்கிரம் வெளியேறும். தொட்டி நிறைந்திருக்கும்போதும் மேல்மாடிக் குழாய்கள் அடிக்கடி இருமினால், தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் ஏர் பைப் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் வால்வைத் தாண்டியதும் ஒரு 'டி' போட்டு, தொட்டியைவிட உயரமாக நிமிர்த்தி, நுனியைக் குடைக் கைப்பிடி மாதிரி வளைத்திருப்பார்கள். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடும் கட்டடங்கள் நிறைய.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீணையின் தந்தியை மட்டும் தனியாக இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. குடம்தான் அதைச் சபைக்குக் கொண்டுபோகிறது. குழாய் தந்தி, நம் சுவர் குடம். இரண்டும் தொடும் இடத்தில் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. வெளியே தெரியும் குழாய்களில் கிளாம்ப் தளர்ந்திருந்தால் முடுக்கி, குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். பம்பைத் தளத்தில் நேரடியாக உட்கார வைக்காமல் தடித்த ரப்பர் கட்டைகள் மேல் வைத்து, பம்பையும் குழாயையும் வளையும் ஹோஸால் இணைத்தால் இரவில் கூரை வழியாக இறங்கும் ரீங்காரம் வெகுவாகக் குறையும்.

ஆனால் மேல் வீட்டிலிருந்து இறங்கும் கழிவுக் குழாயின் இரைச்சலுக்கு இந்தத் தந்திரம் போதாது. அந்தச் சத்தம் குழாயின் சுவரையே தாண்டிக் காற்றில் வருகிறது. பழைய வீடுகளின் வார்ப்பிரும்புக் குழாயில் கேட்காத சத்தம் பி.வி.சி.யில் கேட்பது, பி.வி.சி. லேசானது என்பதால். லேசான எதைச் சுற்றினாலும் பயனில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து ஸ்பாஞ்ச் சுற்றினேன், துளி வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பாரம் வேண்டும். முதலில் கம்பளி மாதிரி மெத்தென்று ஒரு சுற்று, அதன்மேல் இடைவெளி விடாமல் கனமான தார் ஷீட் அல்லது ரப்பர் ஷீட். அதையும் மறைத்து ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்தால் நல்ல பலன் கிடைக்கும்.

எங்கள் குழாய் டக்டின் மூலையில் கை நுழையாத இடத்தில் போகிறது. பாதிதான் சுற்ற முடிந்தது. மேல் வீட்டுத் தம்பிக்குக் காலை ஷிஃப்ட், நாலே முக்காலுக்கு ஃப்ளஷ் செய்வான். அவனிடம் போய் என்ன சொல்வது? கட்டிலின் தலைமாட்டை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டோம்.